வீட்டு விறகடுப்பைத் திருத்திக் கட்டும் முறை: புகை குறைய, விறகு மிச்சமாக

சமையல் எரிவாயு வந்துவிட்ட வீடுகளிலும் கொல்லைப்புறத்தில் ஒரு விறகடுப்பு இன்னும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷ நாட்களில் பெரிய உலை வைக்க, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறு வடிக்க என்று அதற்கு வேலை ஓய்வதில்லை. பெரும்பாலும் அது லாட வடிவில் மண்ணால் கட்டி, மேலே மூன்று குமிழ் வைத்து, சாணமிட்டு மெழுகிய அடுப்பாக இருக்கும். கட்டியவர்களின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அகன்ற வாயும், தீயை ஒட்டி நிற்கும் கனத்த மண்சுவரும், பாத்திரத்தின் அடியில் உள்ள தாராளமான இடைவெளியும் சேர்ந்து விறகின் வெப்பத்தில் பெரும்பகுதியை வெளியே அனுப்பிவிடுகின்றன. அதே மண், அதே செங்கல் கொண்டு உள்ளமைப்பை மட்டும் மாற்றி ஓர் அடுப்பைக் கட்டுவது எப்படி என்பதை, இதுவரை சாந்துக் கரண்டியைப் பிடிக்காதவரும் செய்யத்தக்க விதத்தில் இங்கே விளக்குகிறேன்.

கட்டத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

விறகு நேரடியாக எரிவதில்லை. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது சிதைந்து வாயுக்களாகப் பிரிகிறது; நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுமையாக எரிய 600 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், போதிய காற்றும், கலந்து எரியச் சிறிது இடமும் வேண்டும். அதற்கு முன்பே குளிர்ந்த சுவரிலோ பாத்திரத்தின் அடியிலோ பட்டால் அவை எரியாமல் புகையாகவும் கரியாகவும் மாறிவிடும். ஆகவே கண்ணை எரிக்கும் புகையும் பானையின் அடியில் படியும் கரியும் நாம் காசு கொடுத்தோ சுமந்தோ கொண்டுவந்த விறகின் எரியாத பகுதியே ஆகும். இது செலவுக் கணக்கோடு முடிவதில்லை. வீட்டுக்குள் சூழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

எவ்வளவு வீணாகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 28 டிகிரியில் உள்ள 2 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 605 கிலோ ஜூல் வெப்பம் போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 கிலோ ஜூல் வெப்பம் தரும். அதாவது, எல்லா வெப்பமும் நீரையே சேருமானால் 40 கிராம் விறகு போதும். ஒரு சிறு சுள்ளியின் எடைதான். மூன்று கல் அடுப்பிலோ இதைப் போல் ஏழெட்டு மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை செலவாகிறது.

இதைத் திருத்த முயன்றவர்கள் பலர். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு 1950களின் தொடக்கத்திலேயே புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்தார். மத்திய அரசு 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடெங்கும் கோடிக்கணக்கான அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பெரும் எண்ணிக்கையிலானவை சில ஆண்டுகளுக்குள் இடிந்தோ கைவிடப்பட்டோ போயின. புகைபோக்கி புகையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் என்பது உண்மை. ஆனால் உள்ளே தீ சரியாக எரியாவிட்டால் விறகுச் செலவு குறையாது.

குவாத்தமாலாவில் 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய லோரேனா அடுப்பு இதைவிடக் கூர்மையான பாடம். சேறும் மணலும் கலந்து கனமாகக் கட்டப்பட்ட அந்த அடுப்பு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று நம்பினார்கள். அளந்து பார்த்தபோது, அந்தக் கனத்த மண்ணே வெப்பத்தைக் குடித்துவிடுவது தெரிந்தது. கனமான மண் வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த சாம்பல் போன்ற இலேசான பொருளே வெப்பத்தைத் தடுக்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த ‘ராக்கெட்’ அடுப்பு விதிகளுள் முதன்மையானது இதுதான். நாம் கட்டப்போவதும் அந்த விதிகளைத் தழுவியதே.

முதல் படி: பழைய அடுப்பை அளந்து பாருங்கள்

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பின்னர் எதையும் ஒப்பிட முடியாது. ஒரு கட்டு விறகைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான பாத்திரத்தில் 2 லிட்டர் நீரை ஊற்றி மூடி, அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கும் நேரத்தைக் குறியுங்கள். கொதித்தவுடன் கொள்ளிகளை இழுத்து அணைத்து, கரியைத் தட்டிவிட்டு, மீதி விறகை மறுபடி நிறுத்தால் செலவான அளவு தெரியும். காற்று அடிக்கும் வேகமும் விறகின் ஈரமும் நாளுக்கு நாள் மாறுவதால், ஒரே கட்டு விறகைக் கொண்டு மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது.

இரண்டாம் படி: பாத்திரத்தைத் தேர்ந்து அளவுகளைக் கணக்கிடுங்கள்

அடுப்பைக் கட்டிய பிறகு பாத்திரம் தேடக் கூடாது. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 26 செ.மீ. விட்டமுள்ள நேர்ச்சுவர்க் குண்டானை எடுத்துக்கொள்வோம். தீ எரியும் அறை உள்ளளவில் 12 செ.மீ.க்கு 12 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். அதன் பரப்பு 144 சதுர செ.மீ.; இந்த எண்தான் மற்ற அனைத்தையும் தீர்மானிக்கிறது. ஏனெனில் காற்று நுழையும் வாய் முதல் புகை வெளியேறும் கடைசி இடைவெளி வரை வழியின் பரப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். எங்காவது சுருங்கினால் தீ மூச்சுத் திணறும். எங்காவது விரிந்தால் சுவாலை பாத்திரத்தைத் தொடாமல் விலகிப்போகும்.

அறையின் விளிம்புச் சுற்றளவு 48 செ.மீ. 144ஐ 48ஆல் வகுத்தால் 3. எனவே அறையின் விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே 3 செ.மீ. வேண்டும். பாத்திரத்தின் சுற்றளவு சுமார் 82 செ.மீ.; 144ஐ 82ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.8. எனவே பாத்திரத்தின் ஓரத்தில் 1.8 செ.மீ. போதும். உங்கள் பாத்திரம் வேறு அளவினதாக இருந்தால் இதே வகுத்தலைச் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொருட்கள்

செங்கல் 30, தட்டோடு பத்துப் பன்னிரண்டு, களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், ஒரு கோணி நிறையச் சலித்த சாம்பல், 28 செ.மீ. நீளமுள்ள 8 மி.மீ. கம்பி நான்கு, 12 செ.மீ.க்கு 14 செ.மீ. அளவில் ஒரு இரும்புத் தகடு, பழைய எண்ணெய் டின்னின் தகரம் ஆகியவை தேவை. விறகுச் சாம்பல் போதும். அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் கிடைத்தால் இன்னும் சிறப்பு. சிமெண்ட் வேண்டாம். தீக்கு அருகில் அது வெடித்து உதிர்ந்துவிடும்.

மண் பதம்தான் தொடக்கக்காரர்கள் தடுமாறும் இடம். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல் என்று தொடங்கி, வைக்கோலைச் சேர்த்து மிதித்து, ஓரிரவு ஊறவிடுங்கள். வைக்கோல் இல்லாத ஒரு பிடியை விரல் தடிமனில் உருட்டி வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போதே உடைந்தால் களிமண் போதாது. வளைந்து, நிழலில் காயும்போது வெடித்தால் மணல் போதாது.

நான்காம் படி: அடித்தளமும் வெளிச்சுவரும்

மழைநீர் தேங்காத, காற்று நன்றாகப் போய்வரும் தாழ்வாரத்தில் இடம் தேர்ந்து, 44 செ.மீ. சதுரத்தில் ஒரு வரிசைச் செங்கல்லைப் படுக்கையாகப் பரப்புங்கள். இந்த அடுப்பில் புகைபோக்கி இல்லாததால், மூடிய அறைக்குள் இதைக் கட்டக் கூடாது.

அடித்தளத்தின் ஓரத்தை ஒட்டி, செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி மூன்று வரிசை எழுப்புங்கள். வரிசைக்கு 12 செ.மீ. வீதம் 36 செ.மீ. உயரம் வரும். முன்பக்கத்தில் முதல் இரண்டு வரிசைகளிலும் நடுவே 16 செ.மீ. அகலம் இடைவெளி விட்டு, மூன்றாம் வரிசைச் செங்கல்லை அதன்மேல் பாலம் போல வையுங்கள். பாத்திரம் வைக்கும் மட்டம் தரையிலிருந்து சுமார் 46 செ.மீ. வரும். மணையில் உட்கார்ந்து சமைப்பவருக்கு இது உயரமாகத் தோன்றினால், அடித்தளத்தை 10 செ.மீ. தரைக்குள் இறக்கிக் கட்டுங்கள். நின்று சமைப்பதானால் 40 செ.மீ. மேடைமேல் கட்டுங்கள். இதைச் சமைப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கட்டுபவர் தன் விருப்பத்துக்குத் தீர்மானித்த உயரத்தால் பல நல்ல அடுப்புகள் கோழி அடையும் இடமாகியிருக்கின்றன.

ஐந்தாம் படி: உள்ளறை

அடுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது; அவசரப்பட வேண்டாம். சுவருக்குள் 4 செ.மீ. தடிமனில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் தட்டோடுகளை முன்வாயிலிருந்து உள்நோக்கி 28 செ.மீ. நீளத்துக்குத் தரையாக அமையுங்கள். அதன் இரு பக்கத்திலும் தட்டோடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, 12 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள குகை போன்ற பாதையை உருவாக்கி, முன்பகுதி 16 செ.மீ. நீளத்துக்கு மேலே தட்டோடு கொண்டு மூடுங்கள். மூடாமல் விட்ட பின்பகுதியின்மேல் நான்கு பக்கமும் தட்டோடு எழுப்பி, 12 செ.மீ. சதுரக் குழாயாக வெளிச்சுவரின் மட்டம் வரை கொண்டுவாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவம் தெரியும். தரையிலிருந்து விளிம்பு வரை உள்ளுயரம் 30 செ.மீ. இருக்கும். குழாயின் உயரம் அகலத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 36 செ.மீ., இருப்பதே நூல்கணக்கு. ஆனால் உயரம் கூடக்கூடப் பாத்திரத்தைச் சேரும் சூடு சற்றுக் குறைவதால், வீட்டு அடுப்புக்கு 30 செ.மீ. போதுமானது என்பது என் கருத்து.

ஓடுகளின் சந்துகளை மண்ணால் அடைத்து, இரண்டு நாள் காய்ந்த பின் உள்ளறைக்கும் வெளிச்சுவருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் உலர்ந்த சாம்பலைக் கொட்டுங்கள். இலேசாகத் தட்டினால் போதும்; இடித்து இறுக்கினால் அதனுள் உள்ள காற்று வெளியேறி, சாம்பலும் மண்ணைப் போலாகிவிடும். இந்த இடத்தில் மண்ணைப் போட்டு நிரப்பலாமே என்று தோன்றும். நான் முதலில் கட்டிய அடுப்பில் அப்படித்தான் செய்தேன். காலைச் சமையல் முடிந்து வெகுநேரம் கழித்தும் சுவர் சுட்டுக்கொண்டிருந்ததைப் பெருமையாக வேறு எண்ணினேன். உலைக்குப் போகவேண்டிய சூடு அது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறாம் படி: தட்டும் கம்பியும்

வாயின் ஓரத்திலும் அறையின் பின்கோடியிலும் 4 செ.மீ. உயர ஓட்டுத் துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் நான்கு கம்பிகளையும் நீளவாட்டில் கிடத்துங்கள். முன்பாதிமேல் இரும்புத் தகட்டை வையுங்கள். விறகு தகட்டின்மேல் செல்லும். காற்று தகட்டுக்குக் கீழே நுழைந்து, சூடேறி, கம்பிகளின் இடைவழியே தணலுக்கு அடியிலிருந்து வரும். ஊதாங்குழல் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். கம்பிகளைச் சாந்து வைத்து ஒட்டாதீர்கள். சாம்பல் அள்ளும்போது உருவி எடுக்க வேண்டும்.

ஏழாம் படி: மேற்பரப்பு, குமிழ், சுற்றுத்தகடு

சாம்பல் நிரப்பிய இடத்தை ஓட்டுத் துண்டுகளால் மூடி, மண் பூசுங்கள். பூச்சு அறையின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி மெல்ல உயர்ந்து, பாத்திரத்தின் ஓரம் வரும் இடத்தில் 1.2 செ.மீ. ஏறியிருக்கட்டும். பாத்திரத்தின் அடி அறை விளிம்புக்கு 3 செ.மீ. மேலே நிற்குமாறு மூன்று குமிழ்களை வைத்தால், ஓரத்தில் நமக்கு வேண்டிய 1.8 செ.மீ. தானாகவே அமைந்துவிடும்.

பாத்திரத்தைச் சுற்றி நிற்கும் தகர வளையம் அடுத்தது. 26 செ.மீ. பாத்திரத்துக்கு வளையத்தின் உள்விட்டம் சுமார் 30 செ.மீ.; ஆகவே ஒட்டுக்கும் சேர்த்து 97 செ.மீ. நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள தகரம் வேண்டும். அதன் கீழ்விளிம்பை மண்ணால் அடைத்து நிறுத்தினால், பக்கவாட்டில் சிதறிப்போகும் சூடு பாத்திரத்தின் சுவரைத் தடவிக்கொண்டே மேலேறும். வயிறு பருத்த மண்பானைக்கு இந்த வளையம் பொருந்தாது. கொடியடுப்பு வைத்துப் பழகியவர்கள் இதில் இரண்டாம் துளை கேட்பார்கள், 12 செ.மீ. அறையின் தீ ஒரு பாத்திரத்துக்கே சரியாக இருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எட்டாம் படி: காயவைத்தலும் முதல் தீயும்

நிழலில் பத்து நாட்களாவது காயட்டும். வெடிப்புகளை ஈர மண்ணால் அடைத்து, சாணமிட்டு மெழுகுங்கள். பிறகு மூன்று நாட்கள் சிறு சுள்ளிகளால் சிறிதுநேரம் தீ மூட்டிய பின்பே சமையலைத் தொடங்குங்கள்.

விறகு கட்டைவிரல் தடிமனில் பிளந்ததாகவும் நன்கு காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த நீரை ஆவியாக்கவே சூடு செலவாகும். மூன்று குச்சிகளின் நுனி மட்டும் அறைக்குள் எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். தீ குறைய வேண்டுமானால் ஒரு குச்சியை வெளியே இழுங்கள். வாய் முழுவதையும் விறகால் அடைத்தால் எந்த அடுப்பும் புகையும்.

இப்போது முதல் படியில் செய்த சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். தகட்டுக்குக் கீழே வழி திறந்திருந்தும் புகை முன்வாய் வழியே திரும்பி வந்தால், பாத்திரத்தின் அடியில் இடைவெளி குறைவு; குமிழை அரை செ.மீ. உயர்த்துங்கள். புகை இல்லாமலே கொதிக்க நேரமானால் இடைவெளி அதிகம். குமிழைச் சீவிக் குறையுங்கள். பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற பளபளப்பான கரி படிந்தால் விறகில் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

தகட்டுக்குக் கீழே சேரும் சாம்பலை நாள்தோறும் அள்ளுங்கள். சில வாரங்களில் உட்சாம்பல் சற்று அமுங்கும். மேல் ஓட்டுத் துண்டு ஒன்றைப் பெயர்த்து மேலும் சாம்பல் நிரப்பி மூடலாம். கம்பிகள் தீயில் அரித்து மெலியும், தகர வளையம் துருப்பிடிக்கும். ஆகையால் இவற்றில் மாற்று ஒரு செட் முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.