தீபாவளி விருந்துக் கழிவை வாளியில் உரமாக்கும் முறை

திறந்த இல்ல உபசரிப்பு முடிந்த மறுநாள் கோலாலம்பூரில் நம்மவர் வீட்டு வாசல்களில் கட்டி வைத்திருக்கும் கறுப்புப் பைகளைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், கனமெல்லாம் ஈரக் கழிவுதான். இந்த நகரத்துக் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் குப்பைப் புதைகிடங்கு வரை போகிறது. அங்கே காற்றுப் படாமல் புதையும் காய்த்தோல் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. அதே தோல் நம் வீட்டு வாளியில் காற்றோட்டத்துடன் மட்கினால் மண்ணுக்கு உரம். இதைக் கற்றுக்கொள்ளத் தீபாவளியை விட நல்ல நேரம் கிடையாது.

முதல் படி: பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே வாளி

மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி போதும். நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் சுண்டுவிரல் நுழையாத அளவில் துளைகள் போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள். தீபாவளி சமயத்தில் மாலை மழை பிடித்துக்கொள்ளும். வாளி கூரைக்கு அடியில் இருக்கட்டும். காய்ந்த இலைகளையும் தேங்காய் நாரையும் ஒரு பை நிறையச் சேர்த்து வையுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: ஈரக் கழிவு தானாக வந்துவிடும், காய்ந்தது இல்லாமல் நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் படி: எது வாளிக்கு, எது வேண்டாம்

வெங்காயத் தோல், காய்கறித் துண்டு, பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, நூலை உருவிய பூமாலை எல்லாம் போடலாம். இறைச்சி, எலும்பு, குழம்பு, பால் இனிப்பு, எண்ணெய் வேண்டவே வேண்டாம். எலியும் புழுவும் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் சோற்றையும் தவிர்க்கலாம். மீந்த பிரியாணிக்கு வழி, டப்பாக்களை வாசலருகே அடுக்கி வைத்து உறவினர் கையில் கொடுத்து அனுப்புவதுதான்.

பரிமாற வாழை இலையே சிறந்தது. சாப்பிட்ட இலையிலுள்ள மிச்சத்தை வழித்தெடுத்துவிட்டு, நடு நரம்பை நீக்கி, விரலகல நாடாக்களாக வெட்டிப் போடுங்கள். முழு இலையைத் திணித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

மூன்றாம் படி: அடுக்குதலும் கிளறுதலும்

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்தது, கூடவே ஒரு பிடி தோட்ட மண். எப்போதும் மேல் அடுக்கு காய்ந்ததாகவே இருக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடி வரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகல் வாடை வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

மற்றவை

முறுக்கு சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது பெருந்தவறு. உறைந்து குழாயை அடைக்கும். ஆறியபின் வடிகட்டிப் போத்தலில் சேர்த்தால் அதை வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சி மையங்கள் உண்டு. சாயமேற்றிய கோல அரிசியையும் கூட்டித் தள்ள வேண்டாம். சலித்துக் காயவைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். பலகாரப் பெட்டிகளில் நெய் படிந்திருந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது, சுத்தமானவற்றை மட்டும் தட்டையாக மடித்துத் தனியே வையுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் வாளியிலுள்ளது கரும்பழுப்பாகி மண்வாசனை வரும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு இடலாம். மட்காத தேங்காய் நாரையும் முட்டை ஓட்டையும் சலித்தெடுத்து அடுத்த வாளியின் அடியில் போடுங்கள். அவற்றில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் புதிய கழிவை விரைவாக மட்கச் செய்யும்.