படிக்கட்டு லைட் மக்கர் பண்ணினால், திருப்புளி எடுக்கும் முன்

எங்கள் வீடு கோத்தகிரியில், ரோட்டுக்குக் கீழே. இந்தச் சரிவில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்: ரோடு மேலே, வாசல் கீழே, நடுவில் இருபது முப்பது படி. அந்தப் படிக்கட்டுக்கு ஒரு லைட், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், கீழே வாசலில் இன்னொன்று, எங்கே போட்டாலும் எரிய வேண்டும், எங்கே அணைத்தாலும் அணைய வேண்டும். பனிமூட்டத்தில் ராத்திரி கேட்டைத் திறக்கும்போது படியில் காட்டெருமை நிற்கிறதா, கரடி ஏதாவது வந்திருக்கிறதா என்று லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம். அதனால் வீட்டில் எந்த லைட் கெட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், இது கெட்டால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண சுவிட்சுக்கு இரண்டு முனை, இப்படி இரண்டு இடத்திலிருந்து போடும் டூ-வே சுவிட்சுக்கு மூன்று. அதில் ஒன்று காமன், பெரும்பாலும் நடுவில் இருக்கும். ஒரு சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், வருகிறது, இன்னொன்றின் காமனிலிருந்து பல்புக்குப் போகிறது. மீதி இருக்கும் இரண்டிரண்டு முனைகளை இணைத்து மேலிருந்து கீழே இரண்டு வயர் ஓடுகிறது. இரண்டு சுவிட்சும் ஒரே வயரைப் பிடித்தால் லைட் எரியும், ஆளுக்கொரு வயரைப் பிடித்தால் அணையும். அவ்வளவுதான் மொத்த சூட்சுமமும்.

சரி, இப்போது திருப்புளியை எடுக்காமல் ஒரு பேப்பர் எடுங்கள். பொத்தான் நிற்கும் திசையை வைத்து இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து மொத்தம் நாலு நிலைதான் உண்டு: இரண்டும் மேலே, இரண்டும் கீழே, அது மேலே இது கீழே, இது மேலே அது கீழே. நாலையும் போட்டுப் பார்த்து எத்தனையில் எரிகிறது என்று எழுதுங்கள், ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்றால் இரண்டு நிமிட வேலை. நல்ல நிலையில் இருந்தால் சரியாக இரண்டில் எரியும், இரண்டில் எரியாது, எந்த சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறும்.

நாலிலும் எரியவில்லை என்றால் சுவிட்சை விடுங்கள், முதலில் பல்ப், அப்புறம் ஹோல்டர், அப்புறம் எம்சிபி (லைனுக்கு ஒன்றாக இருக்கும், கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்). நாலிலும் எரிகிறது என்றால் அந்த இரண்டு வயரும் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, அல்லது ஒரு சுவிட்சின் உள்ளே ஒட்டிக்கொண்டது. இரண்டில் எரிகிறது, ஆனால் ஒரு சுவிட்சை எப்படித் தட்டினாலும் எதுவும் மாறவில்லை, இன்னொன்று மட்டுமே வேலை செய்கிறது என்றால் அசையாத அந்த சுவிட்ச் செத்துப்போனது, மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எரிகிறதா? அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், காரணம் ஒன்றல்ல, நாலு. இணைப்பு வயரில் ஒன்று அறுந்திருக்கலாம். சுவிட்சின் ஒரு பக்க கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம். யாரோ டூ-வேக்குப் பதில் இரண்டு முனை உள்ள சாதாரண சுவிட்சை மாட்டியிருக்கலாம். அல்லது மூன்று முனை சுவிட்சே போட்டு, காமனில் வர வேண்டிய வயரைப் பக்க முனையில் கொடுத்திருக்கலாம். யாரும் கை வைக்காமல் தானாக இப்படி ஆனது என்றால் முதல் இரண்டில் ஒன்று. சுவிட்ச் மாற்றிய பிறகு ஆனது என்றால் கடைசி இரண்டில் ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து கேட் பக்கத்து சுவிட்சை மாற்றிவிட்டுப் போனார், அன்று பகலில் எரிந்தது, சந்தோஷமாக அனுப்பிவிட்டோம், ராத்திரி அம்மா கீழே அணைத்துவிட்டுப் படுத்த பிறகு மேலே இருந்து போட்டால் வரவேயில்லை. நான் இருட்டில் முப்பது படியும் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினேன். காமன் இடம் மாறியிருந்தது, வேறொன்றும் இல்லை.

இனிமேல்தான் சுவிட்ச் பெட்டியைத் திறக்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்குங்கள். எம்சிபி ஒன்றை மட்டும் இறக்கினால் போதாது, ஏனென்றால் மாடிக்கு ஒரு லைன், கீழுக்கு ஒரு லைன் என்று பிரித்த வீடுகளில் இதே பெட்டிக்குள் இரண்டு லைனும் வந்திருக்கலாம். இன்வெர்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது, படிக்கட்டு லைட்டைப் பலரும் இன்வெர்டரில்தான் கொடுத்திருப்பார்கள், மெயினை இறக்கினாலும் அதில் 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்லாமல் யாரையும் பெட்டி திறக்க விடாதீர்கள்.

பிளேட்டைக் கழற்றியதும் போனில் ஒரு படம் எடுங்கள். வயர் மூன்றும் ஒரே நிறத்தில் இருப்பது இங்கே சகஜம், அதனால் காமனில் இருக்கும் வயருக்கு டேப் ஒன்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். எது காமன் என்றே தெரியாத அளவுக்குக் குழம்பியிருந்தால், கரண்ட் இல்லாமலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு, மேலே மூன்று வயர், கீழே மூன்று வயர், எல்லாவற்றையும் சுவிட்சிலிருந்து பிரியுங்கள். கீழே ஏதாவது இரண்டை முறுக்கிச் சேருங்கள், மேலே மல்டிமீட்டரின் திருகை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் கீழே வேறு ஜோடி, மொத்தமே மூன்று ஜோடிதான். சத்தம் வந்துவிட்டால் மேலே அந்த இரண்டும், கீழே முறுக்கிய அந்த இரண்டும்தான் இணைப்பு வயர்கள், இரு பக்கமும் தனியாக நிற்கும் மூன்றாவது வயர்தான் காமனுக்குப் போக வேண்டியது. இணைப்பு வயர்கள் இரண்டும் தங்களுக்குள் இடம் மாறினாலும் ஒன்றும் ஆகாது. மூன்று ஜோடியிலும் சத்தமே வரவில்லை என்றால் ஒரு வயர் நடுவில் அறுந்திருக்கிறது, பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி பைப்புக்குள் இழுக்க வேண்டியதுதான். இழுக்கும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

டெஸ்டரை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். இந்த இரண்டு வயரும் நீளத்துக்கு ஒட்டி ஓடுவதால், கரண்ட் உள்ள வயருக்குப் பக்கத்தில் சும்மா தொங்கும் வயரிலும் டெஸ்டர் மங்கலாக எரியும். அணைத்த பிறகும் எல்.இ.டி பல்ப் மினுக் மினுக் என்று துடிப்பதற்கும் பல நேரம் இதே காரணம்தான். சுவிட்ச் ஃபேஸைத்தான் வெட்டுகிறதா, நியூட்ரலையா (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்று பார்த்துக்கொண்டு, வேறு கம்பெனி பல்ப் ஒன்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) விழுகிறது என்றால் அது வேறு விஷயம். பல நேரம் கீழ் லைனிலிருந்து ஃபேஸும் மாடி லைனிலிருந்து நியூட்ரலும் எடுத்து வயரை மிச்சம் பிடித்திருப்பார்கள். இன்னும் பழைய வீடுகளில் இரண்டு சுவிட்சிலும் ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்திருப்பதும் உண்டு, அப்போது லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டரின் இரண்டு முனையிலும் கரண்ட் நிற்கலாம். இந்த இரண்டையும் நீங்களாகத் தொடாதீர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து ஒழுங்காக வயரிங் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. பைப் மேலிருந்து கீழே சரிவில் இறங்குகிறது, மேல் பெட்டியில் புகுந்த மழைத் தண்ணீரும் பனி ஈரமும் அதே பைப் வழியாக வந்து கீழ்ப் பெட்டியில்தான் நிற்கும். பித்தளைத் திருகில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். புது சுவிட்ச் போட்டாலும் அடுத்த மழைக்கு அதே கதிதான். களிம்பு ஏறிய வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள், மேல் பைப்பின் வாயை சிலிக்கானால் அடையுங்கள், கேட் பக்கத்து சுவிட்சுக்கு மூடி வைத்த பெட்டி போடுங்கள். கீழ் சுவிட்சை முடிந்தால் கதவுக்கு உள்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். எல்லாம் மாட்டிய பிறகு நாலு நிலையையும் மறுபடி போட்டுப் பார்க்காமல் பிளேட்டை மூட வேண்டாம்.