பொருத்தம் பார்த்து வாங்குங்கள்: இசைப்பதிவுக்கான முதல் கணினி

வீட்டிலேயே பாடலைப் பதிவு செய்து மிக்ஸ் செய்வதற்கென ஒரு கணினியைத் தாமே பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் பிராசஸரில் தொடங்குகிறார்கள். நான் ஆடியோ இன்டர்ஃபேஸில் தொடங்கச் சொல்வேன். மைக்கையும் கிதாரையும் கணினியோடு சேர்க்கும் அந்தச் சிறு பெட்டி எந்த வழியாக இணைகிறது என்பதைப் பொறுத்தே எந்த மதர்போர்டு உதவும், எது உதவாது என்பது தெரியும். யூஎஸ்பி வகை என்றால் கவலையில்லை. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வகை என்றால், போர்டிலேயே தண்டர்போல்ட் போர்ட் இருக்க வேண்டும், அல்லது அதற்கான கார்டைப் பொருத்தும் வசதியாவது இருக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இரண்டும் கிடையாது. யூஎஸ்பி டைப்-சியும் தண்டர்போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், கேபிள் ஒழுங்காக உள்ளே போகும். பெட்டி மட்டும் உயிர் பெறாது.

அடுத்து, இந்தக் கணினி செய்யப்போகும் வேலையின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். விநாடிக்கு 48,000 சாம்பிள்கள் (ஒலியின் அளவெடுப்புகள்) என்ற கணக்கில் பதிவு செய்து, பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை, 128 சாம்பிள்களாக வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லி விநாடிக்குள்ளும் எல்லா டிராக்குகளின் எஃபெக்டுகளையும் கணக்கிட்டு முடித்து ஒலியைக் கணினி ஒப்படைத்தாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் ஹெட்ஃபோனில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடிய டேக்கின் நடுவே அது விழுந்தால் அந்த டேக் வீண். ஒரு டிராக்கில் வரிசையாக ஏற்றப்பட்ட பிளக்-இன்கள் (எஃபெக்டுகளைத் தரும் சிறு மென்பொருள்கள்) பொதுவாகப் பிராசஸரின் கணக்கிடும் பிரிவுகளான கோர்களில் ஒன்றில்தான் ஓடுகின்றன என்பதால், கோர்களின் எண்ணிக்கையை எண்ணுவதற்கு முன் தனியொரு கோரின் வேகத்தைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கில் முதல் கணினிக்கு நான் பரிந்துரைப்பது ஏஎம்டி ரைசன் 5 7600. இதில் 6 கோர்கள் உள்ளன. மின்தேவை 65 வாட் பிரிவைச் சேர்ந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. இசைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் அதன் ஃபேன் இரைச்சலும் மிச்சம். ஆனால் 7500எஃப் போல, பெயரின் வாலில் ‘எஃப்’ உள்ள பிராசஸர்களில் இந்த உள் கிராஃபிக்ஸ் இருக்காது. விலை குறைகிறதே என்று அதை வாங்கி வந்தால் மானிட்டரை எங்கே செருகுவது என்று விழிக்க நேரிடும்.

7600க்கு ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வேண்டும். போர்டின் துணைச் சில்லான சிப்செட் பி650 ஆக இருந்தாலே போதும். ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் அங்கே குழப்பமில்லை. குழப்பம் இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ1700 போர்டுகளில்தான். ஒரே மாதிரிப் பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் அடுத்தடுத்த பெட்டிகளில் இருக்கும். சில நிறுவனங்கள் வாலில் ‘டி4’ என்று சேர்த்திருப்பது மட்டுமே அடையாளம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவசரமாக வாங்கி வந்து நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இரண்டு வகை ரேமிலும் 288 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான்; அடியில் உள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று கை பரபரக்கும். அழுத்தாதீர்கள், உடைவது ஸ்லாட்டாகத்தான் இருக்கும்.

ரைசன் 9000 வரிசைப் பிராசஸரைப் பி650 போர்டோடு சேர்ப்பவர்கள், கடையில் நெடுநாள் கிடந்த போர்டு பழைய பயாஸோடு (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வரக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக எடுத்தால், ஒரு பென் டிரைவைக் கொண்டு நாமே புதுப்பித்துக்கொள்ளலாம்.

ரேமை இரண்டு துண்டுகளாகவே வாங்குங்கள். இப்போதைக்கு இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்று திட்டமிடுவது டிடிஆர்5இல் சரிவராது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள ரேம் வேகம் இரண்டு துண்டுகளுக்கு 5200 எம்டி/வி (விநாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர்). நான்கு போட்டால் 3600தான். கீபோர்டும் குரலும் மட்டும் என்றால் 16 ஜிபி துண்டுகள் இரண்டு போதும். வயலின் குழுவும் பிராஸும் நிறைந்த பெரிய சாம்பிள் தொகுப்புகளை (வாத்தியங்களின் பதிவு செய்த ஒலிகள்) ஏற்றுபவர்கள் முதலிலேயே 32 ஜிபி துண்டுகள் இரண்டு வாங்கிவிடலாம்.

அந்தத் தொகுப்புகளுக்கென விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியைத் தவிர இன்னொன்று ஒதுக்குவது நல்லது; ஆகவே எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கேபிள் மூலம் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் போகும். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கையேட்டில் இதற்கென ஓர் அட்டவணை இருக்கும்; வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருப்பதால் கூலரும் கேபினெட்டும் பதிவின் தரத்தைத் தொடும் பாகங்கள். 7600உடன் வரும் கூலர் வேலையைச் செய்யும். சுமை ஏறினால் அதன் இரைச்சல் கண்டன்ஸர் மைக்கில் விழும். 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள கோபுர வடிவக் கூலர் மெதுவாகச் சுழன்றே குளிர்விக்கும், ஆனால் பலவற்றின் உயரம் 155 மில்லிமீட்டரை எட்டும். கேபினெட் எவ்வளவு உயரத்தை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கி, பக்கக் கதவை மூட முடியாமல் திறந்தே வைத்திருப்பவர்கள் உண்டு. ஃபேன்கள் 4 பின் வகையாக இருந்தால் வேகத்தை நன்கு தணிக்கலாம். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 550 வாட்டில் நல்ல தரமாக ஒன்று போதும். அதை எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் இணையுங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும் இரைச்சலுக்கு எர்த் கோளாறு அடிக்கடி காரணமாகிறது.

இப்படிப் பத்துப் பொருத்தமும் பார்த்துப் பூட்டிய என் கணினியில், ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டது. பிராசஸரோ சும்மா இருந்தது. லேட்டன்ஸிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டபோது, வைஃபை கார்டின் டிரைவர் மற்ற வேலைகளைத் தடுத்து நிறுத்துவது தெரிந்தது. டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கி, லேன் கேபிளுக்கு மாறிய பிறகே சத்தம் நின்றது. ஆகவே விண்டோஸை நிறுவி, இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஆசியோ டிரைவரை (ஒலியைத் தாமதம் குறைவாகக் கடத்தும் மென்பொருள்) போட்டவுடன், அந்த மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பஃபரை 128இல் வைத்து ஒரு கனமான ப்ராஜெக்டை இசைத்துப் பாருங்கள். கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். அதுவரை அட்டைப்பெட்டிகளைப் பரணில் ஏற்றாமல், பில்லோடு கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.