துன்ப வேளையில் மனமாற்றம்: இஞ்ஞாசியார் காட்டும் வழி

1521 மே 20 அன்று ஸ்பெயினின் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. வீரக் கதைகள் படிக்கக் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான். அரண்மனைப் பெருமைகளை நினைத்தால் அப்போதைக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ நினைத்தாலோ மகிழ்ச்சி பின்னரும் தங்கியது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததில்தான் அவருடைய மனமாற்றம் தொடங்கியது. வலி தானாக யாரையும் புனிதராக்காது. பலரைக் கசப்பாக்கியும் விடுகிறது.

தொடக்கமாக இரவில் 15 நிமிடம் ஆன்ம சோதனை செய்யுங்கள். நன்றி சொல்லி, தூய ஆவியின் ஒளி கேட்டு, காலை முதல் ஒவ்வொரு மணியாகப் பாருங்கள். எந்த நினைவு கடவுளிடம் இழுத்தது, எது விலக்கியது? நினைவு வந்த கணத்தைவிட, அது போன பிறகு மனம் இருந்த நிலையை இரண்டு வரி எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானத்துடன் முடியுங்கள்.

செபம் கசக்கும் நாள்கள் நிச்சயம் வரும். அப்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றவே கூடாது. மன அசைவுகளைப் பகுத்தறிய இஞ்ஞாசியார் எழுதிய விதிகளில் உயிர்நாடி இதுதான். முடிவை அப்படியே வைத்துக்கொண்டு உங்களை மாற்றுங்கள்: செபத்தைக் கூட்டுங்கள், குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே அமருங்கள். சோர்வு குறைக்கச் சொல்லும். பணிந்தால் மறுநாள் இன்னும் குறைக்கச் சொல்லும். வறட்சிக்கு அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார்: நம் அசட்டை, கடவுள் தரும் சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல என்று உணர்த்தும் பாடம். முதல் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களையே குற்றம் சாட்டாதீர்கள்.

பெரும்பாலும் வழி தவறுவது இங்கேதான். குணமான பின் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது இஞ்ஞாசியாரே பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி காணவில்லை. தற்கொலை எண்ணம்கூட வந்தது. விடை கிடைக்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குரு நிறுத்தச் சொன்னதும் கீழ்ப்படிந்தார். பிறகு பழையவற்றை அறிக்கையிடுவதையே விட்டார். எனவே நோயாளிகள் நோன்பைக் கூட்ட வேண்டாம். மனத்தில் மறைத்து வைத்திருப்பதை பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவுக் குருவிடமோ ஆன்ம வழிகாட்டியிடமோ சொல்லிவிடுங்கள். தூக்கமின்மை நீடித்தால், சாக வேண்டும் என்று தோன்றினால், அன்றே மருத்துவரிடமும் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவல்ல.