பேக்கப் ஓடுகிறது, சரி, எங்கே போகிறது?

போன வாரம் காட்பாடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஃபைல் சர்வர் பார்க்கப் போயிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த தம்பி, "பேக்கப் தினமும் ராத்திரி ஓடுதுண்ணா, லாக்ல ஒரு எரர்கூட இல்ல" என்றான். வெளி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை, விளக்கும் எரியவில்லை. எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துவிட்டது. பேக்கப்பில் நடக்கும் தவறுகளை அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் பேக்கப்

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு நான்தான் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். உபுண்டு லினக்ஸ், ஃபைல்களைப் பகிர சாம்பா, பேக்கப்புக்கு 2 டிபி யுஎஸ்பி டிஸ்க், இரவு 11 மணிக்கு அதில் நகலெடுக்க ஆர்சிங்க். கத்திரி வெயிலில் ஒருநாள் வெகுநேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் தீர்ந்து சர்வர் நின்றது. மறுபடி கிளம்பியபோது வெளி டிஸ்க் எழவில்லை. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் நான் 'நோஃபெயில்' போட்டிருந்ததால், அது இல்லாமலேயே சர்வர் பூட் ஆனது.

லினக்ஸில் டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும், அதாவது ஒரு ஃபோல்டரோடு இணையாவிட்டாலும், அதற்கான ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும். ஆர்சிங்குக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் காலி ஃபோல்டரில், அதாவது சர்வரின் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே, 340 ஜிபியையும் கொட்டியது. லாக்கில் எல்லாம் சரி. டிஸ்க்கில் நிரம்பிய இடம் இரண்டு மடங்கானதை நானே ஒருமுறை பார்த்தேன். சீசன் நேரம், டிசைன் ஃபைல் கூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

11 வாரம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க் போனது. அசலும் நகலும் சேர்ந்தே போயின. யுஎஸ்பி டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினேன். கடைசி ஃபைல் மே மாதத்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பிரின்ட் எடுத்த தாள்களைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். பேட்டர்ன் ஃபைல்கள் வரவே இல்லை. இன்றைக்கும் "லாக்ல எரர் இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் சோதியுங்கள். மவுண்ட் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் நின்று மெயில் அனுப்பட்டும். எஃப்எஸ்டாபில் 'எஸ்டிபி1' மாதிரி பெயர்கள் ரீபூட்டில் மாறலாம், டிஸ்க்கின் மாறாத அடையாளமான யுயுஐடி எழுதுங்கள். அப்புறம், டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்டர் பிளஸ் ஐ' (chattr +i) கொடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர்கூட அதற்குள் எழுத முடியாது, ஆர்சிங்க் எரர் கொடுக்கும். டிஸ்க் மவுண்ட் ஆனால் வழக்கம்போல எழுதும்.

ரெய்டு பேக்கப் இல்லை

ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டில், தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும்.

'டிலீட்' போட்ட ஒரே நகல்

ஆர்சிங்கில் 'டிலீட்' போட்டால், அசலில் அழித்தது அன்றிரவே நகலிலும் போய்விடும். ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் நல்ல ஃபைலின் மேல் ஏறும். ஆர்சிங்கில் 'லிங்க்டெஸ்ட்' (--link-dest) போட்டு நாளுக்கொரு ஃபோல்டர் வையுங்கள். மாறாத ஃபைல்கள் ஹார்ட் லிங்க்காக, அதாவது ஏற்கெனவே உள்ள ஃபைலுக்கு இன்னொரு பெயராக, நிற்பதால் இடம் அதிகம் பிடிக்காது.

நெக்ஸ்ட்கிளவுடில் டேட்டா ஃபோல்டர் மட்டும்

சொந்த சர்வரில் ஃபைல் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடில் யூசர், ஷேர் விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. மெயின்டனன்ஸ் மோடு போட்டு டேட்டா, கான்ஃபிக், டேட்டாபேஸ் மூன்றையும் ஒன்றாக எடுங்கள்.

ரீஸ்டோர் செய்து பார்க்காதது

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடுகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. வழக்கமான பேக்கப் பல நாளாக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் வந்துசேரவில்லை. சுமார் 6 மணி நேர டேட்டா போனது. அதனால் மெயிலை மட்டும் நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு ஃபோல்டரை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

காட்பாடியில் அடாப்டர் பிளக்கிலிருந்து கழன்றிருந்தது. அதைச் சரிசெய்து டிஸ்க்கை மவுண்ட் செய்தோம். "பழைய நகல்லேருந்து ஒரு ஃபோல்டரை ரீஸ்டோர் பண்ணு" என்றேன். சம்பளக் கணக்கு ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. டிஸ்க்கின் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட், யார் எதைத் திறக்கலாம் என்ற லினக்ஸ் பர்மிஷன் எதையும் அது வைத்துக்கொள்ளாது. வேறொரு டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4-ஆக ஃபார்மேட் செய்து முதல் நகலைத் தொடங்கியபோது மாலை ஆறரை. அது முடியும்வரை தம்பி வீட்டுக்குக் கிளம்பவில்லை.