நெட் எங்க மாட்டுதுன்னு மூணு கமாண்ட்ல நீங்களே கண்டுபிடிக்கலாம்

நெட் ஸ்லோவானா எல்லாரும் செய்யறது ஒண்ணுதான், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது. அது தப்புன்னு சொல்லல, பல நேரம் சரியாவும் ஆகுது. ஆனா கோளாறு வைஃபைலயா, வெளிய போற லைன்லயா, இல்ல அந்தப் பக்கத்து சர்வர்லயாங்கறது தெரியாமலே போயிடும், அடுத்த வாரம் திரும்ப அதே கதை. விண்டோஸ் வச்சு சொல்றேன், மேக், லினக்ஸ்ல மாறுற இடத்துல மட்டும் தனியா சொல்லிடறேன்.

முதல் ஸ்டெப்: உங்க நம்பரை பாருங்க

விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அமுக்குங்க, ஒரு சின்ன பெட்டி வரும், அதுல சி, எம், டி மூணு எழுத்தையும் அடிச்சு என்டர் தட்டுங்க. கருப்பு ஸ்கிரீன் வந்துதா? அதுல ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி எட்டு எழுத்தையும் இடைவெளி விடாம அடிங்க. நிறைய வரி ஓடும், நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு: ஐபிவி4 அட்ரஸ் (நெட்வொர்க்ல உங்க கம்ப்யூட்டரோட நம்பர்), டீஃபால்ட் கேட்வே. கேட்வேங்கறது உங்க ரவுட்டர்தான். மேக்ல வைஃபை செட்டிங்ஸ்ல டீடெயில்ஸ் உள்ள போனா ரவுட்டர்னே போட்டிருக்கும்.

உங்க அட்ரஸ் 192.168ன்னோ 10ன்னோ ஆரம்பிக்குதுன்னா அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற நம்பர், அதே நம்பர் உலகத்துல லட்சக்கணக்கான வீட்டுல இருக்கும். ஆபீஸ் போன்ல எக்ஸ்டென்ஷன் 21, 22ன்னு இருக்குமே, வெளிய பேசும்போது எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் போகும், அதே ஏற்பாடுதான் இது. ஐபிவி4ல மொத்தமே சுமார் 429 கோடி நம்பர்தான் இருக்கு, இன்னைக்கு இருக்கற போன், லேப்டாப், டிவிக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுத்தா பத்தாது.

அட்ரஸ் 169.254ன்னு ஆரம்பிச்சா மேல போக வேண்டாம், அங்கயே நில்லுங்க. ரவுட்டர் நம்பர் குடுக்கவே இல்ல, கம்ப்யூட்டர் தானா ஒண்ணை வச்சுக்கிட்டிருக்கு. கேபிள் சரியா சொருகியிருக்கான்னு பாருங்க (ஒரு மணி நேரம் செட்டிங்ஸ்லாம் நோண்டிட்டு கடைசில கேபிள் பாதி வெளிய தொங்கிட்டிருந்ததை பாத்தவன் நான்).

ரெண்டாவது ஸ்டெப்: ரவுட்டர் வரைக்கும் பிங்

பிங்குன்னா ஒரு சின்ன தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கறது. பி, ஐ, என், ஜி அடிச்சு ஒரு இடைவெளி விட்டு அந்த கேட்வே நம்பரை போடுங்க. விண்டோஸ்ல நாலு தடவை பதில் வந்து நின்னுடும், மேக், லினக்ஸ்ல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், கன்ட்ரோலும் சியும் சேர்த்து அமுக்கி நிறுத்துங்க.

கேபிள்ல இருந்தா 1 மில்லி செகண்டுக்கும் கம்மியா வரும், வைஃபைல சில மில்லி செகண்ட். 3, 4, 180, 5, அப்புறம் பதிலே இல்லன்னு குதிச்சு குதிச்சு வந்தா கோளாறு வீட்டுக்குள்ளயே இருக்கு. வைஃபையும் ரேடியோதான், ஒரு சேனல்ல ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும், கிட்டத்தட்ட வாக்கி டாக்கி மாதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசைல இரைச்சல் போடும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திப் பாருங்க.

மூணாவது ஸ்டெப்: வெளிய பிங்

இப்ப அதே மாதிரி 8.8.8.8க்கு (வெளிய இருக்கற கூகுள் சர்வரோட நம்பர்) பிங் பண்ணுங்க, அப்புறம் ஏதாவது ஒரு வெப்சைட் பேரை போட்டு பிங் பண்ணுங்க. நம்பருக்கு பதில் வருது, ஆனா பேரை போட்டா அந்த சைட்டை கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுதுன்னா லைன் நல்லாத்தான் இருக்கு, பேரை நம்பரா மாத்தற டிஎன்எஸ்தான் மாட்டிக்கிச்சு. இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி தலைவலி போயிடும்.

இந்த பிங்கை 1983ல எழுதினவர் மைக் மூஸ். நீர்மூழ்கில சோனார் ஒலி அனுப்பி எதிரொலி வர்ற சத்தத்தைத்தான் பேரா வச்சார். எதிரொலிங்கறதால தூரம் முக்கியம்! கண்ணாடி ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது 100 கிலோமீட்டர் போயிட்டு வர 1 மில்லி செகண்ட். சர்வர் 8000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா 80க்கு கீழ வரவே வராது, எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் சரி. ஸ்பீடு வேற, தாமதம் வேற, கேம் ஆடறவங்க இதை மனசுல வச்சுக்கங்க. 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்கற சாட்டிலைட் வழியா போனா சும்மா போயிட்டு வரவே அரை செகண்ட் கிட்ட ஆயிடும். ஸ்டார்லிங்க் சாட்டிலைட் எல்லாம் சில நூறு கிலோமீட்டர் உயரத்துலயே சுத்தறதால அந்த தொல்லை ரொம்ப கம்மி. 8.8.8.8 மட்டும் கொஞ்சம் ஏமாத்தும், அந்த ஒரே நம்பர் உலகத்துல பல இடத்துல இருக்கு, பெரும்பாலும் பக்கத்துல இருக்கறதுதான் பதில் சொல்லும்.

நாலாவது ஸ்டெப்: வழியை பாருங்க

டி, ஆர், ஏ, சி, ஈ, ஆர், டி அடிச்சு இடைவெளி விட்டு சைட் பேர். மேக், லினக்ஸ்ல டிரேஸ்ரூட்னு முழுசா (டி, ஆர், ஏ, சி, ஈ, ஆர், ஓ, யு, டி, ஈ), சேர்த்து அடிக்கணும். 1980கள் கடைசில வான் ஜேக்கப்சன் எழுதின புரோகிராம்ல வர்ற தந்திரம் இது: ஒவ்வொரு பாக்கெட்லயும் (நெட்ல போற டேட்டா துண்டு) ஒரு ஆயுள் எண் இருக்கும், ஒவ்வொரு ரவுட்டரும் அதுல ஒண்ணு கழிக்கும், ஜீரோ ஆயிட்டா பாக்கெட்டை தூக்கிப் போட்டுட்டு "இங்க செத்துப்போச்சு"ன்னு தகவல் அனுப்பும். அப்ப 1, 2, 3ன்னு ஆயுளை கூட்டிக்கிட்டே போனா வழில இருக்கற ரவுட்டர் எல்லாம் ஒண்ணொண்ணா தன்னை காட்டிக்கும்.

நடுவுல ஸ்டார் வந்தா பயப்படாதீங்க, சில ரவுட்டர் பதில் சொல்லாத மாதிரி வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். நடுவுல ஒரு வரி மட்டும் 200ன்னு காட்டி அடுத்த வரி 30க்கு வந்தாலும் கோளாறு இல்ல. ஒரு வரில ஏறி கடைசி வரைக்கும் இறங்கவே இல்லன்னாதான் கவனிக்கணும், அதுகூட பல நேரம் கடலை தாண்டின இடமா இருக்கும்.

கடலுக்கு அடியில போற கேபிள்ல போறது நெட் மட்டும் இல்ல, போன் காலும்தான். பழைய போன்ல நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு லைன் முழுக்க உங்களுக்கே, சும்மா இருந்தாலும் வேற யாருக்கும் கிடையாது. பாக்கெட்ங்கறது டேட்டாவை துண்டு துண்டா நறுக்கி (ஈதர்நெட்ல ஒரு துண்டு சாதாரணமா 1500 பைட் வரைக்கும்) ஒரே லைன்ல எல்லாரோடதையும் கலந்து அனுப்பறது. 1969ல இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் ஆரம்பிச்சப்போ போன் கம்பெனி கிட்ட வாடகைக்கு எடுத்த 50 கிலோபிட் லைன்லதான் ஓடுச்சு. இன்னைக்கு வோல்டிஇ (4ஜி நெட் வழியாவே பேசறது) போன்ல நீங்க ஹலோ சொன்னா அதுவே பாக்கெட்டா நறுக்குப்பட்டு ஐபி மேலதான் போகுது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்.

இப்ப யாரை கேக்கணும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாவது ஸ்டெப்லயே குதிச்சா உங்க வைஃபையை பாருங்க. ரெண்டு நல்லா இருந்து மூணாவது அடி வாங்குனா லைன் குடுக்கறவங்களுக்கு போன் போடுங்க. எல்லா சைட்டும் ஓடி ஒரே ஒரு சைட் மட்டும் தகராறுன்னா சும்மா காத்திருங்க. கஸ்டமர் கேர்ல முதல்ல ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணீங்களான்னுதான் கேப்பாங்க, பண்ணியாச்சுன்னு சொல்லிட்டு இந்த நம்பரை எல்லாம் படிச்சுக் காட்டுங்க.