வசந்தகாலக் கரடி வேட்டை வேண்டுமா வேண்டாமா: கருத்துப் படிவத்தை நிரப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மாகாணத்திலோ மாநிலத்திலோ இந்தச் சண்டை கிளம்பும். கருங்கரடிக்கு இலையுதிர்கால வேட்டைப் பருவம் ஏற்கெனவே இருக்கும், ஏப்ரல், மே மாதங்களிலும் ஒன்றைத் திறக்கலாமா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும், உடனே ஒரு பக்கம் அநாதைக் குட்டிகளின் படமும் இன்னொரு பக்கம் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிற கரடியின் படமும் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டையும் பார்த்து மனசு இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டபின் படிவத்தைத் திறந்தால், "ஆதரிக்கிறேன்", "எதிர்க்கிறேன்" என்பதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றாது. அப்படி எழுதும் கருத்துக்கு எண்ணிக்கையில் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் பரிந்துரை ஆவணத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: இந்தப் பருவம் எதற்காக? வழக்கமாக நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். ஊருக்குள் வரும் கரடிகளைக் குறைக்க. மூஸ் (பெரிய மான் வகை), மான் குட்டிகளைக் கரடியிடமிருந்து காப்பாற்ற. மரத்தோட்டங்களில் கரடி பட்டை உரிப்பதைத் தடுக்க. அல்லது வேட்டைக்காரர்களுக்கு வாய்ப்பும் வேட்டை முகாம் நடத்துபவர்களுக்கு வருமானமும் கிடைக்க. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ஆதாரம் வேறு வேறு. நான்கையும் ஒரே பத்தியில் அடுக்கியிருந்தால், உண்மையான காரணம் பெரும்பாலும் நான்காவதுதான், மற்ற மூன்றும் ஒத்தாசைக்கு வந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். நான்காவது காரணம் ஒன்றும் கேவலமானதில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும், சொல்ல மாட்டார்கள் என்பதுதான் தொல்லை.

அதிகம் விற்பனையாவது முதல் காரணம், அதனால் அதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அங்கே 1999 ஜனவரியில் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு வசந்தகால வேட்டையை நிறுத்தியது, சொன்ன காரணம் தாயை இழக்கும் குட்டிகள். அதன் பிறகு வடக்கு ஒன்டாரியோவில் எந்தத் தெருவில் கரடி வந்தாலும் "அன்றைக்கு வேட்டையை நிறுத்தியதால்தான்" என்ற பேச்சு வந்துகொண்டே இருந்தது. 2014 இல் டிமின்ஸ், சட்பரி, தண்டர் பே போன்ற ஊர்களைச் சுற்றிய எட்டு வனவிலங்கு மேலாண்மைப் பிரிவுகளில் சோதனை முறையில் மறுபடி திறந்தார்கள். 2016 இல் அதை விரிவாக்கி வெளி மாகாண, வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள், 2021 முதல் அது நிரந்தரம். இப்போது பருவம் மே 1 முதல் ஜூன் 15 வரை.

சரி, அதனால் ஊருக்குள் வரும் கரடி குறைந்ததா? 2014 இல் வெளியான ஒன்டாரியோ ஆய்வு ஒன்று, கரடித் தொல்லை கூடும் வருடங்கள் எவை என்று பார்த்தபோது, காட்டில் பெர்ரியும் கொட்டைகளும் பொய்த்துப்போன வருடங்களோடு அது பொருந்தி வந்தது, முந்தைய வருடங்களில் எத்தனை கரடி சுடப்பட்டது என்பதோடு பொருந்தவில்லை. பிறகு அந்தச் சோதனைப் பருவத்தையே வைத்து, வேட்டை திறந்த பகுதிகளையும் திறக்காத பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதிலும் தொல்லை குறையவில்லை. யோசித்தால் இதில் ஆச்சரியம் கிடையாது. வேட்டைக்காரர் உட்கார்ந்திருப்பது காட்டுக்குள், தொட்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தாயைவிட்டுப் பிரிந்து சொந்த இடம் தேடி அலைகிற இளசு. சுடப்படுவதும் தொல்லை கொடுப்பதும் ஒரே கரடியாக இருப்பது அபூர்வம்.

எதிர்ப்பக்க ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. நியூ ஜெர்சியில் நடந்த ஆய்வு ஒன்றில் வேட்டையும், தொல்லை கொடுக்கும் கரடிகளை உடனுக்குடன் கையாள்வதும் சேர்ந்தபோது பிரச்சினைகள் குறைந்தன. ஆனால் அது மக்கள் நெருக்கமாக வாழும் சின்ன மாநிலம், அங்கே வேட்டை நடந்தது குளிர்காலத் தொடக்கத்தில், வசந்தத்தில் இல்லை. அதை எடுத்து வடக்குக் காடுகளுக்கு ஒட்டவைப்பவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். தொல்லைக்கு எது வேலை செய்கிறது என்று கேட்டால், கொலராடோவின் டுராங்கோ நகரத்தில் செய்துபார்த்தது இருக்கிறது. கரடியால் திறக்க முடியாத தொட்டிகளைச் சில பகுதிகளுக்கு மட்டும் கொடுத்து ஒப்பிட்டபோது, அங்கே குப்பையால் வரும் தொல்லை மற்ற பகுதிகளைவிட 60 சதவீதம் குறைவாக இருந்தது. பரிந்துரையில் தொல்லைதான் காரணம் என்று எழுதியிருந்து, தொட்டிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை என்றால், அதையே கருத்தின் முதல் வரியாக எழுதிவிடலாம்.

மூஸ், மான் குட்டிகள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பிறந்த முதல் சில வாரங்களில் கரடிகள் குட்டிகளைப் பிடித்துத் தின்பது உண்மை. கரடி தின்றிருக்காவிட்டால் அந்தக் குட்டி வேறு எதனாலும் சாகாமல் பிழைத்திருக்குமா என்பதுதான் கேள்வி. மேய்ச்சல் மோசமான இடத்தில் அது பட்டினியிலோ குளிரிலோ போயிருக்கலாம். குறிப்பிட்ட அந்தப் பகுதியில் குட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிச் சாவின் காரணத்தைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பார்த்திருந்தால் அந்த வாதத்துக்குக் கனம் உண்டு.

மரப்பட்டை விவகாரம் வாஷிங்டன், ஓரிகன் பக்கத்துச் சங்கதி. வசந்தத்தில் பெர்ரி பழுக்கும்வரை கரடிக்குச் சாப்பாடு திண்டாட்டம்தான், குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வந்தபிறகும் எடை குறைந்துகொண்டே இருக்கும். அப்போது இளம் டக்ளஸ் ஃபிர் மரத்தின் பட்டையை அடியில் நகத்தால் கிழித்து, உள்ளே இருக்கும் இனிப்பான பகுதியைப் பல்லால் சுரண்டும், மரத்தைச் சுற்றி முழுக்க உரித்துவிட்டால் மரம் செத்துவிடும். மரக் கம்பெனிக்கு நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு அந்தத் தோட்டத்தில் அந்தக் கரடியைக் கையாள்வது பொருந்தும், மாநில அளவில் ஒரு பொழுதுபோக்குப் பருவம் பொருந்துமா என்பது வேறு. இந்த விவாதம் அங்கே எவ்வளவு நெருக்கமாகப் போனது என்றால், வாஷிங்டனின் மீன், வனவிலங்கு ஆணையத்தில் 2021 நவம்பரில் 4-4 என்று சமமாகி பருவம் நின்றுபோனது, 2022 நவம்பரில் 5-4 என்ற கணக்கில் பொழுதுபோக்கு வசந்த வேட்டை வேண்டாம் என்று முடிவானது. ஒரே ஓட்டு. கருத்து எழுதி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் இதை ஞாபகத்தில் வைக்கலாம்.

அடுத்து குட்டிகள். உணர்ச்சிவசப்படாமல் இதைப் பேச நாள்காட்டி போதும். கருங்கரடி குட்டி போடுவது ஜனவரி, பிப்ரவரியில், பொந்துக்குள். பொந்தைவிட்டு முதலில் வெளியே வருவது ஆண்கள், கடைசியாக வருவது புதுக்குட்டியோடு இருக்கும் தாய். மே மாதம் குட்டி ஒரு பூனை அளவுதான் இருக்கும், இன்னும் பால்குடி. அப்போது தாய் போனால் குட்டியும் போச்சு. அதே குட்டி இலையுதிர் காலத்தில் தாயை இழந்தால் தனியாகப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

"குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது சட்டவிரோதம், அபராதம் உண்டு" என்று பதில் வரும். ஒன்டாரியோவிலும் மொன்டானாவிலும் அப்படித்தான் சட்டம். ஆனால் நடைமுறையை நினைத்துப் பாருங்கள். தீனி போட்டு வைத்த இடம், பெரிய டிரம்மில் பழைய ரொட்டியும் இனிப்பும், கொஞ்சம் தள்ளி மரத்தின் மேல் பரணில் வேட்டைக்காரர். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கரடி வருகிறது, தனியாக. அந்த இடத்தில் வேறு கரடிகளின் வாசனை இருப்பதால் தாய் குட்டிகளைப் பின்னாலேயே ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத்தான் வரும். வேட்டைக்காரர் நேர்மையானவர், சட்டத்தை மதிப்பவர், ஆனாலும் அவருக்குத் தெரிவது தனியாக நிற்கும் ஒரு கரடிதான். பால் கொடுக்கிற தாய்க்குக் காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கும், அதை அந்த வெளிச்சத்தில் பார்க்க முடிகிற தருணம் எப்போதும் வாய்க்காது.

தீனி வைத்து வேட்டையாடுவதில் இன்னொரு முகமும் உண்டு. கரடி அங்கே ஐந்து பத்து நிமிடம் நின்று தின்னும், அதனால் ஆணா பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று காத்திருந்து பார்க்க நேரம் கிடைக்கும், அடர்ந்த காட்டில் ஓடும் கரடியைத் துரத்திச் சுடுவதில் அந்த நேரம் கிடையாது. ஆக, தீனி குட்டிகளுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. மனிதர் போடும் சாப்பாட்டுக்குக் கரடியைப் பழக்குவது எனக்கு உடன்பாடில்லை, தொல்லையைக் குறைக்கத் திறக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே டிரம் டிரம்மாக இனிப்பைக் காட்டுக்குள் வைப்பது வேடிக்கைதான். கொலராடோ வாக்காளர்கள் 1992 இல் வசந்தகால வேட்டை, தீனி, வேட்டைநாய் மூன்றையும் ஒரே வாக்கெடுப்பில் தடை செய்தார்கள். வாஷிங்டனில் 1996 வாக்கெடுப்பில் தீனியும் நாயும் போயின, வசந்தப் பருவத்தை அந்த வாக்கெடுப்பு தொடவில்லை.

தேதிகளைப் பாருங்கள். சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும் பருவத்தில் வெளியே நடமாடுவது பெரும்பாலும் ஆண்கள். ஜூன் நடுவரை இழுத்தால் தாய்களும் குட்டிகளும் நன்றாக வெளியே வந்துவிடும். ஜூன் என்பது இணைசேரும் காலமும்கூட, ஆண்கள் அப்போது நிறைய அலையும், அதனால் வேட்டைக்காரர்களுக்குக் கடைசி வாரங்கள் பிடிக்கும். இங்கேதான் பேரம் நடக்க வேண்டும். மொத்தமாக எதிர்ப்பவர்களும் "மே கடைசியில் மூடுங்கள்" என்று கேட்டால், நிறைய இடங்களில் அது காதில் விழும்.

எண்ணிக்கை. "கரடிகள் நிறைய இருக்கின்றன" என்று எழுதியிருந்தால் எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். நல்ல முறை ஒன்று இருக்கிறது. நடுவில் வாசனைத் திரவியத்தை வைத்து, சுற்றிலும் முழங்கால் உயரத்தில் முள்கம்பி கட்டிவிடுவார்கள், கரடி உள்ளே நுழையும்போது கம்பியில் சிக்கும் முடியின் மரபணுவை வைத்து எது எந்தக் கரடி என்று பிரித்துவிடலாம். அப்படி எண்ணியதா, எந்த வருடம், எந்தப் பகுதியில்? இல்லை, பழைய கணக்கை வைத்துப் பெருக்கியதா? கருங்கரடி மெதுவாகப் பெருகும் மிருகம், வடக்கே பெட்டை முதல் குட்டி போடவே ஐந்தாறு வயது ஆகலாம், பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். கூடுதலாகச் சுட்டுவிட்டால் அது தெரியவரவே சில வருடங்கள் பிடிக்கும், சரியாக இன்னும் பல வருடங்கள்.

அதனால் சுடப்படும் ஒவ்வொரு கரடிக்கும் ஒரு சின்னப் பல்லைத் துறையிடம் கொடுக்கும் கட்டாயம் இருக்கிறதா என்று தேடுங்கள். பல்லைக் குறுக்கே வெட்டி வளையங்களை எண்ணினால் வயது தெரியும், பெட்டையாக இருந்தால் எந்த வருடங்களில் குட்டி வளர்த்தது என்பதுகூட வளையங்களின் இடைவெளியில் தெரியும். சுடப்பட்டவற்றில் பெட்டைகளின் பங்கு ஒரு வரம்பைத் தாண்டினால் பருவம் தானாகவே மூடப்படுமா என்பதையும் கேளுங்கள். இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரலாமா என்பதும் ஒரு வரியில் கேட்க வேண்டியதே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் உண்ணத்தக்க இறைச்சியை எடுத்து வந்தாக வேண்டும். கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடியும் இருக்கிற பகுதி என்றால், இரண்டையும் பிரித்தறியும் அடையாளத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், மொன்டானாவில் கருங்கரடி உரிமம் வாங்க அந்தத் தேர்வைத் தேறியிருக்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால்: தொல்லையைக் குறைக்க என்று வரும் பரிந்துரையை எதிர்ப்பேன், ஏனென்றால் அது அந்த வேலையைச் செய்யாது, அதை நம்பி ஊர் தொட்டிகளை மாற்றாமல் விட்டுவிடும். வேட்டைக்காகவே என்று நேராகச் சொல்லி, சமீபத்தில் எண்ணி, சீக்கிரம் மூடி, பெட்டைகளின் பங்குக்கு வரம்பு வைத்து வந்தால் எதிர்க்க மாட்டேன். கொல்வதே தப்பு என்று நினைப்பவர்கள் அதையே எழுதுங்கள், அதுவும் ஒரு நிலைப்பாடு, ஆனால் அதற்கு எண்ணிக்கைப் புள்ளிவிவரத்தை முட்டுக்கொடுக்க வேண்டாம், மறுநாள் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று காட்டினால் வாதம் விழுந்துவிடும்.

எழுதும்போது சுருக்கம் முக்கியம். ஒன்டாரியோவில் சுற்றுச்சூழல் பதிவேட்டில் பரிந்துரையின் எண்ணோடு பதியலாம், ஆணையம் இருக்கும் மாநிலங்களில் எழுத்தாகவும் கூட்டத்தில் நேரடியாகவும் சொல்லலாம், நேரடியாகப் பேசச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஏறக்குறைய இப்படி: "பரிந்துரையில் சொல்லப்பட்ட நோக்கம் கரடித் தொல்லையைக் குறைப்பது. இந்த மாகாணத்தின் ஆய்வுகளே தொல்லை கூடுவது காட்டில் உணவு குறையும் வருடங்களில்தான் என்று காட்டுகின்றன. ஆகவே இந்த நோக்கத்துக்காகப் பருவம் திறப்பதை எதிர்க்கிறேன். திறப்பதாக இருந்தால் மே 31 உடன் மூட வேண்டும், சுட்ட கரடி ஆணா பெண்ணா என்பதும் அதன் வயதும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும், மூன்று வருடத்தில் தானாகக் காலாவதியாகி மறுபடி கருத்துக் கேட்க வேண்டும்." எதிர்ப்பையும் நிபந்தனையையும் ஒரே கடிதத்தில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம், தாராளமாக எழுதலாம். கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் முன்பே அனுப்பிவிட்டு, முடிவு வெளியாகும்போது கூடவே வரும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள், உங்கள் நிபந்தனைகளில் எதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், எதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது அதில் இருக்கும், அடுத்த கடிதத்தை அந்தக் கண்டுகொள்ளாததிலிருந்து ஆரம்பிக்கலாம்.